வெட்டிய இடம்

லூக்காஸ் எழுந்தான். பல் விளக்கினான். கேத்தலில் தண்ணீர் வைத்து, பாலும் சீனியும் இல்லாமல் ஒரு பிளேன்ரீ குடித்தான். பிறகு கீழே இறங்கி ஸ்டூடியோவைத் திறந்து, இரண்டு நாள் முன்பு ஒரு பெண்ணின் கடைசி மூன்று சொற்களை வெட்டி எறிந்த அதே கதிரையில் உட்கார்ந்தான்.

மஹ்ரூப் நானா உள்ளே வந்தார். ஸ்டூடியோ அவருடையது. கண்டிக் குளிரில் அவர் வேர்த்து லூக்காஸ் பார்த்தது இதுதான் முதல் தடவை.

“டிலானி வாறா.”

“எந்த டிலானி?”

“எத்தன டிலானிட வாய நீ வெட்டினாய்?”

திகனயில் தேயிலை பொதி செய்யும் கம்பனி ஒன்றுக்காக அவர்கள் எடுத்த வீடியோவில் வந்தவள் டிலானி. அன்று பகல் ஹோட்டல் ஒன்றில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அதைக் காட்டப் போகிறார்கள். அது நல்லபடி முடிந்தால் கம்பனியின் வீடியோ வேலை எல்லாம் இனி நானாவுக்குத்தான். லூக்காஸின் சம்பளமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போன மாதம் படப்பிடிப்பின்போது, கேள்வி வீடியோவில் வராது, பதிலை முழு வசனமாகச் சொல்லுங்கள் என்று லூக்காஸ் அங்கே பொதி செய்யும் எல்லாப் பெண்களிடமும் சொல்லியிருந்தான். மற்றவர்கள் மனப்பாடம் செய்ததை ஒப்புவித்தார்கள். டிலானி மட்டும் கமெராவைப் பார்த்துச் சிரித்தபடி முழு வசனமாகவே சொன்னாள்: “இங்க எங்களுக்கு ஒரு குறையும் இல்ல, பாத்ரூம் போகத்தான் விடமாட்டாங்க.”

கம்பனிக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். பாத்ரூம் வேண்டாம்.

லூக்காஸ் ‘இல்ல’ என்ற சொல்லோடு அவளை நிறுத்தினான். வெட்டிய இடம் தெரியாமலிருக்க, தேயிலைப் பெட்டிகள் வரிசையாக ஊர்ந்துபோகும் காட்சியை மேலே போட்டு மூடினான்.

“நேத்து கேன்டீன்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டி ஈக்காங்க,” என்றார் நானா. “முடிஞ்ச உடன எழும்பி, இத வெட்டினது யாருன்னு கேட்டீக்கிறா. இன்னைக்கி வேலைக்கும் போகல்ல. ஹோட்டலுக்கு வந்து வெள்ளக்காரனுக்கு முன்னால ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சி. நீயும் நானும் கலியாண வீடியோ எடுத்துத்தான் சாப்பிடணும்.”

“நீங்கதானே நானா வெட்டச் சொன்னீங்க?”

“நான் சொன்னதயும் வெட்டு.”

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. “முழு ரெக்கோடிங்கும் அழிஞ்சிட்டுன்னு சொல்லு,” என்று கிசுகிசுத்துவிட்டு நானா கதவோரம் ஒதுங்கினார்.

டிலானி உள்ளே வந்தாள். வீடியோவில் சிரித்த முகத்தை இந்த முகத்தில் தேட வேண்டியிருந்தது. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“நீங்கதான் வெட்டினதா தம்பி?”

“வீடியோ நீளம் கூடிப்போச்சு அக்கா. கம்பனியிலயும் சொன்னாங்க...”

“நான் சொன்னத, நான் சொல்லவே இல்லன்னு ஆக்கிட்டீங்க.”

திரையில் அவள் பெயர் போட்ட கோப்பு திறந்தே கிடந்தது. லூக்காஸ் மெதுவாக மௌஸை நகர்த்தி அதை மறைத்தான்.

“எத்தன தடவ பாத்தேன் தெரியுமா? எந்த எடத்துல வெட்டினீங்கன்னு எனக்கே தெரியல. பக்கத்துல நின்னவளுகளே, நீ அவ்வளவுதான் பேசினேன்னு சொல்றாளுக.”

“பிளேன்ரீ ஒன்டு குடிக்கிறீங்களா தங்கச்சி?” நானா கதவோரத்திலிருந்து கேட்டார். அவள் திரும்பவேயில்லை.

“வெட்டினது இப்ப எங்க இருக்கு?”

“அழிஞ்சிருச்சு அக்கா.” திரையைப் பார்த்தபடியே சொன்னான். “ஒரிஜினலும் இல்ல.”

“யாராலயும் திருப்பி எடுத்துக் கேக்க முடியாதா?”

“முடியாது.”

கத்தப் போகிறாள் என்று நினைத்தான். அவளோ நீளமாக ஒரு மூச்சு விட்டுக் கதிரையில் சாய்ந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, ஃபோனை எடுத்து, அவனுக்கு நேராக மேசையில் வைத்தாள்.

பதிவு செய்கிறாள். லூக்காஸ் கதிரையைப் பின்னால் தள்ளினான். நானா தன் வாயைப் பொத்திக் காட்டினார். பேசாதே.

“ஃபோன உள்ள வைங்க அக்கா. இனி நான் ஒன்னும் பேச மாட்டேன்.”

“நீங்க பேச வேணாம். கேட்டாப் போதும்.” அவள் குரல் தாழ்ந்தது. “ஹோட்டல்ல அவங்க எதயாச்சும் காட்டிக்கிட்டுப் போகட்டும். எனக்கு இதுல பின்பாதிய வெட்டித் தாங்க தம்பி. அந்த வீடியோவுல வெட்டின மாதிரியே. முன்பாதி மட்டும் இருந்தாப் போதும்.”

அவன் குனிந்து பார்த்தான். படப்பிடிப்பு முடிந்த மறுவாரம் அவள் தன் கணவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு குரல் செய்தி. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

“ப்ளூ டிக் விழுந்திருக்கு. கேட்டிருக்காரு,” என்றாள். “அதுக்குப் பொறகுதான் அவரு போன லொறி மேல மண் சரிஞ்சது.”

நானா கதவோரத்திலிருந்து நகர்ந்து வந்து நின்றார். டிலானி விரலால் தொட்டாள். ஃபோனுக்குள்ளிருந்து அவளுடைய குரலே வந்தது.

“சோத்துப் பார்சல விட்டுட்டுப் போயிட்டீங்க. அப்படியே போயிருங்க, இனி வீட்டுக்கு வராதீங்க.”