யாழினிக்குக் கிடைத்த ஊர்

மலேசியாவின் பண்டமாரான் அடுக்குமாடியில் லிஃப்டைப் பழுதுபார்க்க வந்த தனேஷிடம், குடியிருப்புச் சங்கத் தலைவர் தாமோதரன் தன் மகள் யாழினியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

“மெல்பர்ன்ல பொதுச் சுகாதாரம் படிக்கிறா. வெளிநாட்டுல வசதியில்லாத மக்களுக்கு வேலை செய்யப் பயிற்சி லா. மூணு மாசம் அவங்களோடயே தங்கணும்.”

“எந்த நாடு அங்கிள்?”

“இன்னைக்குச் சொல்லிருவாங்க. ஆப்பிரிக்காவாத்தான் இருக்கும். பாவம், அங்கெல்லாம் கொசு, குப்பை, குழாய்ல தண்ணி வராது. இந்தப் படிப்புக்காகத் தீபாவளிக்குக்கூட அவ வரல. பார்த்து ரெண்டு வருசமாச்சு.”

கைப்பேசி ஒலித்தது. யாழினிதான்.

“அப்பா, எனக்கு மலேசியா கிடைச்சிருக்கு! கிள்ளான், பண்டமாரான். நம்ம பிளாக்கேதான்!”

“நம்மளா வசதியில்லாத மக்கள்? எவன்மா சொன்னான்? நான் இங்க தலைவர் லா!”

“நான்தான்ப்பா சொன்னேன். லிஃப்ட் ஓடாம, வயசானவங்க கிளினிக்குக்கூடப் போக முடியலன்னு. அடுத்த வாரம் ஆள் வந்து பார்ப்பாங்க. எல்லாம் சரியா இருந்தா என்னை வேற நாட்டுக்கு மாத்திருவாங்க.”

தனேஷ் லிஃப்டுக்குள்ளிருந்து உற்சாகமாகக் குரல் கொடுத்தான்.

“அங்கிள், ஓடுது!”

“யாருப்பா உன்னை அவசரப்படச் சொன்னது?” என்று பதறினார் தாமோதரன். “முன்னே எப்படி இருந்துச்சோ அப்படியே கெடுத்து வை!”