அரை மணி முன்னால்

மறுபடியும் திரும்பி வந்துவிட்டது.

எழில்மொழி மவுஸை மேசையில் தட்டினாள். நேற்று சாயங்காலத்திலிருந்து அந்த ராயபுரம் ஆபீசை விட்டு ஒரு மெயிலும் வெளியே போகவில்லை. வருவதெல்லாம் ஜோராக வருகிறது. போவதுதான் பேஜாரு.

கப்பல்களுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனி அது. சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மற்ற மெயில்கள் நாளைக்குப் போனாலும் குடி முழுகிவிடாது. இது அப்படியில்லை. உங்கள் கப்பலில் வேலை செய்கிற பென்னியின் அம்மாவுக்கு சீரியஸ், அவனை இறக்கிவிடுங்கள் என்று கேப்டனுக்குப் போக வேண்டியது. கப்பல் கொழும்பில் நிற்கிறது, இருட்டுவதற்குள் கிளம்பிவிடும். கிளம்பிவிட்டால் இந்த மாதம் கரையே கிடையாது. போனில் சொன்னால் கேப்டன் கேட்கமாட்டாராம், கம்பெனி முகவரியிலிருந்து எழுத்தில் வந்தாக வேண்டுமாம்.

எதிர் நாற்காலியில் பென்னியின் பெண்டாட்டி கரோலின். மத்தியானத்திலிருந்து அசையவில்லை. வாங்கி வைத்த டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் அக்கா, மெயில் போனதும் நானே போன் பண்ணுகிறேன் என்று எழில்மொழி சொல்லிப் பார்த்துவிட்டாள். கரோலின் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். மாமியார் அங்கே உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்க, இங்கே ஏசியில் உட்கார்ந்திருக்கிறாளே, இவளெல்லாம் என்ன மருமகளோ என்று எழில்மொழிக்கு எரிச்சலாக வந்தது. இருக்கிற பதற்றத்தில் இது வேறு.

கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். சர்வரை அணைத்துப் போட்டாள். மெயில் போன வேகத்தில் திரும்பியது.

இந்த முறை திரும்பி வந்ததைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். இதை அனுப்பிய நேரம் இன்னும் வரவேயில்லை என்று அதில் இருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். அடப்பாவி கோதண்டம்!

மேனேஜர் கோதண்டத்துக்கு ஒரு வழக்கம். கண்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டாமல் ஆட்கள் ஹார்பர் கேட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்று ஆபீஸ் கடிகாரங்களை எல்லாம் அரை மணி முன்னால் ஓடவிடுவார். நேற்று சர்வரையும் விட்டுவைக்கவில்லை மனுஷன். இனிமேல்தான் வரப்போகிற நேரத்தைப் போட்டு வருகிற மெயிலை எந்த ஊரில் வாங்குவார்கள்?

நேரத்தைச் சரிசெய்து மறுபடி அனுப்பினாள். நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். திரும்பவில்லை. ஜன்னலில் வெயில் மங்கும் நேரத்தில் கேப்டனிடமிருந்தே பதில் வந்தது. பென்னியை இறக்கியாயிற்று.

எழில்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்துடுவாருக்கா. நாளிக்கு அம்மா கையப் புடிச்சிடுவாரு பாருங்க."

கரோலின் எழுந்தாள். எழில்மொழியின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு வாசல் பக்கம் போய், நாத்தனார் ரோசிக்கு போன் போட்டாள்.

"ரோசி, அண்ணன் கப்பல வுட்டு எறங்கிட்டாரு. வூடு வந்து சேர்ற வரிக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஐஸ் பெட்டிக்காரன் கிட்ட நாளிக்கும் வேணும்னு சொல்டு."