ஆறு தப்படி

மாயவரம் கடைத்தெருவில் பழைய கேமரா விற்கும் சாரங்கபாணி, நெட்டை லென்சையும் குட்டை லென்சையும் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு விசிறிக்கொள்கிறார். எதிர்ச் சுவரில் ‘உழுபவனுக்கே நிலம்’ என்று தேர்தலுக்கு எழுதியது சுண்ணாம்போடு உரிந்துகொண்டிருக்கிறது. போட்டோக்காரர் தியாகேசனின் லென்சில் பூஞ்சை பிடித்துவிட்டது. நாளைக் காலை ஐயாவுவின் குத்தகை வயலைப் பண்ணையார் ஆட்கள் அடாவடியாக அறுக்கப்போகிறார்கள்; அறுப்பவன் முகம் படத்தில் விழுந்தால்தான் தாசில்தார் ஐயாவு கொடுத்த மனுவைத் தொடுவார். “நெட்டைன்னா ரோட்லேர்ந்தே முகம் விழும். முந்நூறு,” என்கிறார் சாரங்கபாணி. “எண்பதுதாங்க இருக்கு,” என்கிறார் தியாகேசன். “அதுக்குக் குட்டைதான். மஞ்சள் ஃபில்டர் சும்மா தர்றேன், மேகமெல்லாம் அள்ளும்.” கூட வந்த ஐயாவு சிரிக்காமல் கேட்கிறார்: “மேகத்து மேலயா கேசு?” தியாகேசன் நெட்டையைத் தடவிவிட்டுக் கையை எடுக்கிறார். “குட்டைக்கு எவ்வளவு கிட்ட போவணும்?” சாரங்கபாணி எழுந்து கடைக்குள்ளேயே நடந்து காட்டுகிறார். “ஆறு தப்படி.” அரிவாள்காரனுக்கு அது ஒரே பாய்ச்சல். வெயில் லென்சில் ஊதாவாக வழிகிறது. ஐயாவு துண்டை உதறித் தோளில் போடுகிறார். “நான் முன்னால நிக்கிறேன் தம்பி. என்னைப் பார்த்து ஓங்குவான். அப்ப முகம் நேராத்தான் இருக்கும், எடுத்துடுங்க.” விசிறி நிற்கிறது. சாரங்கபாணி பேரத்தை விட்டுவிட்டு, குட்டை லென்சை அழுத்தி அழுத்தித் துடைக்கிறார்.