முதல் பதிவு

“நல்லாக் கேட்டுக்குங்க. இங்க இருக்கறது நான், என் வீட்டுக்காரி நூருன்னிசா, எதிர்வீட்டு உமாமகேஸ்வரி, அவங்க அக்கா மகன் ஆதவன். இன்னிக்கு இங்க பேசறது இந்த நாலு பேரைத் தாண்டி லிஃப்ட் வரைக்கும்கூடப் போகக்கூடாது.”

சோபாவில் சாயாமல் உட்கார்ந்து சொன்னார் ஜமால் முகம்மது. சிராங்கூன் சாலையில் பாட்டனார் காலத்திலிருந்து ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். கடையை விட்டுப் பொங்கோலில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய பிறகும், இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் அவர் கூடத்துக்கு வந்ததில்லை.

“போகாது அண்ணே. ஆனா பிளாக் முழுக்க ஏற்கெனவே தெரியும்லா,” என்றாள் உமாமகேஸ்வரி. அவள் இங்கே குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. “காரிடார்ல செடிக்குத் தண்ணி ஊத்தறப்ப நானே கேட்டேன். ‘வாப்பா, கேக்குதா?’ன்னு ஒரு குரல். செத்த பிள்ளை அப்பாவைத் தேடி வருதுன்னு பேசிக்கிறாங்க.”

நூருன்னிசா கணவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

அங்கேதான் அந்தப் பெட்டி மாட்டியிருந்தது. சோப்பு டப்பா அளவு இருக்கும். அவர்கள் மகன் அஃப்னான் செய்தது. உம்மா பிரஷர் மாத்திரையை மறந்துவிடுகிறாள் என்று, ஒரு சிப்பும் ஸ்பீக்கரும் வாங்கி, தன் குரலையே பதிந்து மாட்டினான். காலையிலும் இரவிலும், “உம்மா, மாத்திரை” என்று அது சொல்லும். அவன் போன பிறகும் நேரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாளாகத்தான் அது நேரங்கெட்ட நேரத்தில் வாப்பாவைக் கூப்பிட ஆரம்பித்திருந்தது. நூருன்னிசா கீழே மார்க்கெட்டுக்குப் போயிருக்கும்போது கூப்பிடும், குளிக்கும்போது கூப்பிடும். ஒரு நாள் ஈரத் தலையோடு ஓடிவந்து பார்த்தாள். பெட்டி அடங்கியிருந்தது. அவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்.

“பேசாம கழட்டிப் போட்டுடலாமே அக்கா?”

“என் புள்ள செஞ்சது, உமா. இந்த வீட்டுல அவன் குரல்னு இருக்கறது அது ஒண்ணுதான்.” நூருன்னிசா ஆதவன் பக்கம் திரும்பினாள். “ரிப்பேர் பண்றேன்னு அந்தக் குரல் போயிடாதே தம்பி?”

“போகாது ஆண்ட்டி.” ஆதவன் பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் லேப்பில் வேலை பார்ப்பவன். பெட்டியைத் திறந்து மடிக்கணினியோடு இணைத்து, மீட்டரின் முனைகளை அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தான். ப்ளக் சுவிட்சை அமர்த்தி, மறுபடி போட்டான்.

“வாப்பா, கேக்குதா? சரியாக் கேக்குதா வாப்பா?”

உமாமகேஸ்வரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நூருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜமால் முகம்மது அசையவில்லை.

“ப்ரோக்ராம் சரியாத்தான் எழுதியிருக்கார்,” என்றான் ஆதவன். “கோளாறு சிப்போட இந்தப் பின் கம்பிலதான். கரண்ட் போய்த் திரும்ப வர்றப்ப, ப்ரோக்ராம் முழிச்சுக்கறதுக்கு முன்னாடியே இது தானா ஆன் ஆயிடுது. யாரோ பட்டனை அழுத்திட்டாங்கன்னு சவுண்ட் போர்டு நினைச்சுக்கிட்டு, முதல் பதிவைப் பேசிடுது. அது அவர் டெஸ்ட் பண்ணறப்ப பேசினது. அழிக்க மறந்திருப்பார்.”

“அன்னிக்கு இவங்கதான் இங்க உக்காந்து, கேக்குது கேக்குதுன்னு கையைக் காட்டினாங்க,” என்றாள் நூருன்னிசா மெல்ல, கணவரைக் காட்டி.

“அப்ப ஆவி இல்லையாடா?” உமாமகேஸ்வரிக்குச் சற்று ஏமாற்றம்தான்.

“ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல சித்தி. ஆனா ஒவ்வொரு தடவையும் கரண்ட் போயிருக்கணும். பிளாக்ல கரண்ட் போச்சா?”

“இல்லையே.”

“அப்ப யாராவது இந்த சுவிட்சை அமர்த்திப் போட்டிருக்கணும்.”

“இந்த வீட்டுல யாரும் அதைத் தொடறதில்ல,” என்றார் ஜமால் முகம்மது.

ஆதவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். “ப்ளக் லூஸா இருந்திருக்கும் அங்கிள். இங்க ஈயத்தால ஒரு ரெஸிஸ்டரைப் பத்த வச்சிட்டா, பின் தானா ஆன் ஆகாது. மாத்திரைக் குரல் வழக்கம்போல வரும். இந்த ‘வாப்பா’ மட்டும் இனி வராது. வச்சிடவா?”

உமாமகேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வை தம்பி. என் வீட்டைப் பத்தி ஊர் பேசக்கூடாது.”

ஈயம் உருகிய வாசனை கூடத்தில் பரவியது. ஆதவன் சுவிட்சைப் பலமுறை போட்டு அமர்த்திக் காட்டினான். பெட்டி வாய் திறக்கவில்லை. ஜமால் முகம்மது எழுந்து, இருவரையும் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

நூருன்னிசா டீ போட அடுப்பங்கரைக்குப் போனாள். தண்ணீர் கொதிக்கும்போது கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். பிறகு மறுபடியும்.

எட்டிப் பார்த்தாள். அவர் ஒரு கையை ப்ளக் சுவிட்சில் வைத்து, காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். சட்டை கசங்கியிருந்தது.

“ஏங்க…”

அவர் திரும்பவில்லை. “லூஸா இருக்கான்னு பார்த்தேன்,” என்றார்.

பிளாக்கில் பேசிக்கொள்வது தவறு. அஃப்னான் சாகவில்லை, வாப்பாவைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு, “இனி என் வாசலை மிதிக்காதே” என்று அவர் சொன்ன ஒரு சொல்லுக்காக ஊரின் மறுகோடியில், ஜூரோங்கில் குடியிருக்கிறான், அவனுடைய தொலைபேசி எண் இன்றும் அதேதான்.