ஒழுகாத கூரை

துடைக்கத் துடைக்க கிஷோரின் முகம் தொங்கிக்கொண்டே போனது. பக்கெட் தண்ணீர் பிடித்து வைத்த மாதிரியே தெளிவாக இருந்தது. துணியில் பேருக்குக்கூட அழுக்கில்லை.

காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற செகண்ட் ஹேண்ட் கேரவன் அது. லிங்கராஜபுரத்திலிருந்து நேற்றுதான் வைட்ஃபீல்ட் அபார்ட்மென்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. முதல் கேரவன் ஆயிற்றே, ஆசை தீரக் கழுவ வேண்டுமென்று புருஷனும் பெண்டாட்டியும் பிரஷ், பினாயில், சோப்புத்தூள் என்று பாதிக் கடையையே அள்ளி வந்திருந்தார்கள். வண்டியை விற்ற பெரியவர் சின்னப்பா இவர்களுக்கு வேலையே வைக்கவில்லை.

"ஏங்க, இங்க பாருங்க. மெத்தை உறையெல்லாம் துவைச்சு இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சிருக்காரு," என்றாள் வித்யாலட்சுமி. "சிங்க்குக்குக் கீழகூட துரு இல்ல."

"ஒண்ணொண்ணா காட்டி என்னைச் சாகடிக்காத வித்யா."

போன ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்கப் போனபோது, ஏதாவது குறை கண்டுபிடித்து விலையை இறக்கலாம் என்று கிஷோர் குனிந்தும் படுத்தும் தேடினான். டயர் புதுசு. அடிச்சட்டம் உறுதி. கூரையின் உட்புறத்தில் வெள்ளை பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. வித்யா ஓரமாக நின்று, வெயிலில் நாக்கு வறளுது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்.

கரூரிலிருந்து வந்த இருவரும் இங்கே ஆட்டோக்காரர்களிடம் பேசிப் பேசியே கன்னடம் கற்றுக்கொண்டிருந்தார்கள். பேரம் கன்னடத்தில், தங்களுக்குள் சதியாலோசனை தமிழில். ரகசியம் பேச இந்த ஊரில் தனி ரூமே வேண்டாம் என்று கிஷோர் பெருமையடித்துக்கொள்வான். சின்னப்பாவும் வாயைத் திறந்ததிலிருந்து கன்னடம்தான் பேசினார். ஆபீசில் அதே பேரில் ஒரு குடகுக்காரர் இருந்ததால், இவரும் அந்தப் பக்கம்தான் என்று கிஷோர் முடிவுகட்டிவிட்டான்.

அந்தத் தைரியத்தில்தான் அவர் எதிரிலேயே சொன்னான். "ஒரு குறையும் இல்ல வித்யா. கூரை ஒழுகுதுன்னு அடிச்சு விடப்போறேன். நீ மூஞ்சியைச் சுளிச்சு வெச்சுக்க."

"வயசானவருங்க. பாவம்."

"பாவம் பார்த்தா பேரம் பேச முடியுமா?"

பிறகு கூரையை இரண்டு தட்டு தட்டி, மழைக்கு ஒழுகும் போலிருக்கிறதே என்று கன்னடத்தில் இழுத்தான். பெரியவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "ஆய்த்து சார், நீவு ஹேளித ரேட்டே இர்லி" என்று அவன் கேட்ட விலைக்கே தலையாட்டிவிட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கிஷோருக்கு அது நேற்று வண்டிக் கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டது. பிள்ளை மாதிரி வளர்த்த வண்டியை ஒரு பொய்யைச் சொல்லிப் பிடுங்கி வந்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. காலையில் வைத்த இட்லி தட்டிலேயே இருந்தது.

"பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் வித்யா.

"அடுத்த வாரம் சக்லேஷ்பூர் போலாம்னு லீவு போட்டாச்சு. இந்தக் கூரைக்குக் கீழ படுத்தா எனக்குத் தூக்கமே வராது."

"அப்ப போனைப் போடுங்க. நல்ல மனுஷனை ஏமாத்திட்டு ஊர் சுத்த வேணாம்."

கிஷோர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். தனக்குத் தெரிந்த கன்னடத்தையெல்லாம் திரட்டி, தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஒழுகுகிறது என்று சொன்னது முழுப்பொய், உங்கள் வண்டிமேல் ஒரு குற்றமும் கிடையாது, குறைத்த பணத்தை இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றான்.

திட்டப்போகிறார் என்று கிஷோர் கண்ணை மூடிக்கொண்டான். வித்யா அவன் தோளைத் தொட்டாள்.

பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பதில் தமிழில் வந்தது.

"பணமெல்லாம் வேணாம் தம்பி. நீங்க வீட்டம்மாகிட்ட பேசினது அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுது, ஆனா கூரை நிஜமாவே ஒழுகும்."