கதவோரம் இருந்த கடப்பாரை

"பூசையில வெச்சதை நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் எடுக்கோணும். அதுக்கு முந்தி எடுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்" என்று வள்ளியாத்தாள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

மோகனூர் வீட்டில் ஆயுதபூஜை. மண்வெட்டி, அரிவாளோடு தன் ரைபிளையும் மஞ்சள் துணியில் சுற்றி, பழக்கதோஷத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டிருந்தான் மகன் செங்கோட்டையன்.

"ஏம்மா, காலைல மெட்ராஸ் ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸ்காரங்க ரைபிள் நம்பரைப் பார்த்துத்தான் சீல் போடுவாங்க. மலேசியாப் போட்டிக்கு வெறுந் தோட்டாவக் கொண்டுபோயிக் கோலியா ஆடறது?"

"அது உன்ற பாடு." வள்ளியாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

மருமகள் செல்லாயிக்குக் கை பரபரத்தது. அதே நீளத்துக்கு ஏதாவது வேண்டும். தேடவே வேண்டியிருக்கவில்லை; கதவோரம் கடப்பாரை சாய்ந்திருந்தது. துணியை அதற்குச் சுற்றி, பொட்டும் வைத்து, ரைபிள் கிடந்த இடத்திலேயே கிடத்தினாள். ரைபிளைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு செங்கோட்டையன் சத்தமில்லாமல் கார் ஏறினான்.

மறுநாள் மறுபூஜை முடிந்து, வள்ளியாத்தாள் துணி முடிச்சில் கை வைத்ததும் செல்லாயி அழுதேவிட்டாள்.

"அத்தை, தப்புப் பண்ணிப்போட்டனுங்க. அதுல இருக்கறது கடப்பாரைங்க."

"தெரியுஞ் சாமி" என்று முடிச்சை அவிழ்த்தாள் வள்ளியாத்தாள். "களைக்கொத்து வரைக்கும் பூசையில வெச்சவ, கடப்பாரைய மட்டும் எதுக்குக் கதவோரம் நிறுத்தி வெச்சேன்னு நெனச்சே?"