அவளுடைய சாமி

“சொன்னா கேளுங்க டீச்சர், அது படையல்தான். சாமிக்குக் காட்டாம ஒரு பருக்கை வாயில வைக்க மாட்டேங்கா. நல்ல குடும்பத்துப் பிள்ளையாத்தான் இருக்கும்” என்றாள் சுடலையம்மாள்.

ராஜபாளையத்தில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்காகப் பரிபூரணம் டீச்சர் நடத்திய இல்லத்தில் அவள்தான் சமையல். இருவரும் சாப்பாட்டுக் கூடத்தின் கதவோரம் நின்று அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருபது வயது இருக்கும். பேச்சு கிடையாது. பத்து நாளைக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் தனியாகத் திரிந்தவளைப் போலீஸ்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டுப் போனார். பேர், ஊர், மதம் எதுவும் தெரியாது.

அன்றிலிருந்து மூன்று வேளையும் இதே கதைதான். சோறு போட்டால் தட்டை இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேரே ஏந்துவாள். கண்ணை மூடிக்கொள்வாள். உதடு அசையும். கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் காலடியில் தட்டை வைத்துவிட்டுச் சுவரோரம் போய் ஒண்டிக்கொள்வாள். நீராகாரத்தை வாயில் வைத்து ஊற்றினால் இரண்டு மடக்கு உள்ளே போகும், அவ்வளவுதான்.

“எனக்கு ஜெபம் மாதிரி தெரியுதுக்கா. நாங்களும் சாப்பாட்டுக்கு முன்னால கண்ணை மூடித்தான சொல்லுவோம்?”

“உங்களுக்கு அப்படித்தான் தெரியும்.”

“ஏக்கா, அவளை நான் எங்க வேதத்துல சேத்துருவேன்னு பயப்படுதீகளா?”

“சேச்சே, உங்களைப் போயி அப்படி நெனைப்பனா?”

நினைக்க முடியாது. டீச்சர் முன்பு வேலை பார்த்த இதே மாதிரி ஒரு விடுதியில், சுத்தம் சுத்தம் என்று ஒருவனுடைய அரைஞாண் கயிற்றை வெட்டி எறிந்தார்கள். கோயிலில் வைத்து அம்மா கட்டிவிட்ட கயிறு. அதை இடுப்பில் தடவித் தடவி அழுதே அவன் காய்ச்சலில் விழுந்தான். வாயில்லாதவனிடம் அவன் சாமியைப் பிடுங்குவதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று அன்றைக்கே டீச்சருக்குப் பட்டது. அதனால் இங்கே இருக்கும் தனுஷ்கோடிக்குத் தினமும் திருநீறு பூசியாக வேண்டும். கருத்தம்மாளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் கவுச்சி கிடையாது. புதிதாக வந்தவளை ‘நாச்சியார்’ என்று சுடலையம்மாள் கூப்பிட்டபோதுகூட, “அவளுக்குன்னு ஒரு பேரு இருக்கும்லாக்கா” என்று தடுத்துவிட்டார்.

“டாக்டர் என்னதான் சொல்லுதாரு?”

“திங்கக்கிழமை வரைக்கும் பாப்போம்னாரு. பொறவு மதுரைக்குக் கொண்டுபோயி மூக்குல குழாய் போடணுமாம். இந்த ஒடம்பு அதைத் தாங்குமான்னும் அவரே கேக்காரு.” டீச்சர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். “அவ சாமி எதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்க்கா. அந்த மொறைப்படி சோத்தைக் குடுத்துருவோம்.”

“கோயில் மணி கேட்டா வாசலுக்கு ஓடுதாளே, பாக்கலையா நீங்க?”

“சர்ச் மணிக்கும்தான் ஓடுதா.”

சுடலையம்மாள் கொஞ்சம் யோசித்தாள். “நாளைக்கு ஆடி வெள்ளி. நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன். தாயாரு முன்னால நிறுத்துனா தெரிஞ்சிருமே.”

மறுநாள் உச்சி வெயிலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

“உள்ள வரவே மாட்டேனுட்டா டீச்சர். செருப்பு விடுத எடத்துலயே பொத்துனு உக்காந்துட்டா. எம்புட்டு இழுத்தும் அசையலை. கூட்டத்துல மிதிச்சுருவாகன்னு நாலு பேரைப் பிடிச்சுத் தூக்கி, அப்பமே பஸ் ஏத்திக் கூட்டியாந்துட்டேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அவ உங்க சாமிதான் போல.”

டீச்சருக்கு இதில் ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் இல்லை. அன்று ராத்திரியும் தட்டு அவர் காலடிக்குத்தான் வந்தது. சனிக்கிழமை அந்தப் பெண்ணால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் அவளுக்குத் தலை சீவி, புதுப் பாவாடை தாவணி கட்டிவிட்டார். ஒருபுறம் அவரும் மறுபுறம் சுடலையம்மாளுமாகத் தாங்கிப் பிடித்து நடத்திப் போனார்கள். தெரு முனை திரும்பும்போது சர்ச் மணி அடித்தது. அவ்வளவுதான். துவண்டு கிடந்த கால்களுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, டீச்சரை இழுத்துக்கொண்டு நடந்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

“பாத்தீகளா!” என்றாள் சுடலையம்மாள். அவள் குரலிலும் பொறாமை இல்லை.

“கண்டுபிடிச்சிட்டோம்க்கா. பிள்ளை பொழைச்சுக்கிடும்.” டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில் அவள் டீச்சரின் கையை உதறினாள். உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். நன்றாக இருந்த ஒரு காலை மடக்கிப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். இரண்டு கையையும் முகத்துக்கு நேரே ஏந்தி, கண்ணை மூடி, உதட்டை அசைத்தாள்.

சர்ச்சுக்குள் போகிறவர்கள் போட்ட சில்லறை விழுந்ததும், அவள் அதைப் பொறுக்கி எடுத்து வந்து டீச்சரின் கையில் கொட்டினாள். தலையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு குனிந்து நின்றாள்.

அடி விழவில்லை என்று தெரிந்ததும் மெல்ல நிமிர்ந்து, இனிச் சாப்பிடலாமா என்று வாயைத் தொட்டுக் காட்டினாள்.